நிலையாகக் குடியேறும் நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

நிலையாகக் குடியேறும் நாட்டைத் தேர்ந்தெடுத்தல் என்பது, உயர்கல்வியோ தொழில்திறனோ பெற்ற ஒருவர் வெளிநாட்டில் சில ஆண்டுகள் பணிபுரிவதோடு நில்லாமல் அங்கேயே வாழ எண்ணும்போது எந்த நாட்டில் வேரூன்றுவது என்று முடிவு செய்வதைக் குறிக்கும். இந்தியாவிலிருந்து செல்லும் பொறியாளர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், கணினித் துறையினர் ஆகியோர் பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஊதியம், தட்பவெப்பம், உறவினர் இருப்பது ஆகியவையே முதலில் கவனிக்கப்படுகின்றன. ஆனால் நீண்டகால வாழ்வைத் தீர்மானிப்பவை வேறு சில கேள்விகள்: தங்கும் உரிமை யார் கையில் உள்ளது, அது உறுதியாக எத்தனை ஆண்டுகள் ஆகும், பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது எவ்வளவு பொருந்தும், சொந்த ஊரில் எவ்வுரிமைகள் குறையும் என்பனவே அவை. இக்கட்டுரையில் கூறப்படும் விதிகள் 2025 ஆம் ஆண்டு நிலவரத்தைச் சார்ந்தவை.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலை நாடுகள் பலவும் இந்தியர் குடியேறுவதைச் சட்டத்தின் மூலம் தடுத்தன. அமெரிக்கா 1946 இல் நிறைவேற்றிய சட்டம் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களை மட்டுமே ஒதுக்கியது. கனடா 1951 இல் ஆண்டுக்கு 150 பேரை ஏற்க ஒப்புக்கொண்டது. 1965 இல் அமெரிக்கா கொண்டுவந்த புதிய குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டை அடிப்படையாகக் கொண்ட பழைய ஒதுக்கீட்டை நீக்கி, தொழில்திறனுக்கும் குடும்ப உறவுக்கும் முன்னுரிமை அளித்தது. கனடா 1967 இல் புள்ளிமுறையை அறிமுகப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் வெள்ளையருக்கு மட்டும் முன்னுரிமை தந்த கொள்கை 1973 இல் முற்றிலும் கைவிடப்பட்டது. படித்த இந்தியர்கள் பெருமளவில் இந்நாடுகளுக்குச் சென்றது இம்மாற்றங்களுக்குப் பின்னரே.

கொங்கு நாட்டில் இப்புலப்பெயர்வு தொழிற்கல்வியின் வளர்ச்சியோடு இணைந்தது. கோயம்புத்தூரில் 1945 இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி (இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி), 1951 இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றில் படித்தவர்கள் பல நாடுகளுக்கும் சென்றனர். பிற்காலத்தில் தனியார் கல்லூரிகள் பெருகியபோது இவ்வாய்ப்பு கிராமங்களுக்கும் எட்டியது. கோவை – பொள்ளாச்சி சாலையில் அமைந்துள்ள கிணத்துக்கடவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்னையும் தக்காளியும் விளையும் இந்த வேளாண் வட்டாரத்திலேயே இன்று பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரியாக வருபவர் வெளிநாட்டு வேலையையும் கருதும் நிலை இவ்வாறு உருவானது. ஆகவே இங்கு நாட்டைத் தேர்ந்தெடுப்பது, படித்தவரின் எதிர்காலத்தோடு குடும்பத்தின் நிலத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும் செயலாகிறது.

மூன்று நிலைகள்

வெளிநாட்டில் வாழும் உரிமை மூன்று நிலைகளைக் கொண்டது.

முதல் நிலை பணி அனுமதி. இது குறிப்பிட்ட காலத்துக்கு உரியது. பெரும்பாலும் ஒரு நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. வேலை போனால் தங்கும் உரிமையும் விரைவில் முடிந்துவிடும்.

இரண்டாம் நிலை நிரந்தர வசிப்புரிமை. அமெரிக்காவில் 'கிரீன் கார்டு' என்றும் பிற நாடுகளில் 'பி.ஆர்.' என்றும் இது அழைக்கப்படுகிறது. இதைப் பெற்றவர் வேலையையும் ஊரையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் நீண்டகாலம் அந்நாட்டை விட்டு வெளியே இருந்தால் இவ்வுரிமையை இழக்க நேரிடலாம். எடுத்துக்காட்டாக, கனடாவில் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாள்கள் அங்கு வசித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நிலை குடியுரிமை. வாக்குரிமையும் கடவுச்சீட்டும் இந்நிலையில்தான் கிடைக்கும். பேச்சு வழக்கிலும் விளம்பரங்களிலும் பி.ஆர். என்பதை 'நிரந்தரக் குடியுரிமை' என்று சொல்வதுண்டு. அது தவறான வழக்கு. பி.ஆர். பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார்.

உழைக்கும் அனுமதிக்கும் குடியுரிமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் வரலாறு கடுமையாக உணர்த்தியுள்ளது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாயினர். 1964 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. இன்று விசா பெற்றுச் செல்லும் பட்டதாரியின் நிலை அதுவன்று. அவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு உள்ளது. எனினும் ஒரு நாட்டில் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் அது தானாகவே அங்கு வாழும் உரிமையாக மாறுவதில்லை என்ற பாடம் இருவருக்கும் பொது.

நாடுகளின் வழிமுறைகள்

அமெரிக்கா

தொழில்திறன் உடையோர் பெரும்பாலும் எச்-1பி விசாவில் பணிபுரிகின்றனர். இது 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. ஆண்டுக்கு 65,000 விசாக்களும், அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்குக் கூடுதலாக 20,000 விசாக்களும் வழங்கப்படுகின்றன. விண்ணப்பங்கள் மிகுதி என்பதால் தெரிவு முறை உண்டு. விசா முதலில் மூன்று ஆண்டுகளுக்கும், பின்னர் மேலும் மூன்று ஆண்டுகளுக்கும் கிடைக்கும். வேலை இழந்தவருக்குப் பொதுவாக 60 நாள் அவகாசமே உண்டு. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது.

இந்தியருக்குப் பெரிய தடை கிரீன் கார்டு வரிசையாகும். வேலைவாய்ப்பு அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் வழங்கப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தோருக்கும் இதில் 7 விழுக்காடே பொதுவான உச்சவரம்பு. முதுநிலைப் பட்டதாரிகள் விண்ணப்பிக்கும் இரண்டாம் பிரிவுக்கு மொத்தத்தில் 28.6 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. அதாவது சுமார் 40,000. அதில் 7 விழுக்காடு என்பது ஏறத்தாழ 2,800. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்குவர். பிற நாட்டினர் பயன்படுத்தாத இடங்கள் சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. ஆனால் எச்-1பி ஒப்புதல்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் பிறந்தோருக்கே செல்வதால், விண்ணப்பிப்போருக்கும் கிடைக்கும் இடங்களுக்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது. 2025 இல் இப்பிரிவில் கிரீன் கார்டு பெறும் முறை 2013 வாக்கில் பதிவு செய்தோருக்கே வந்திருந்தது. இங்கு கணக்கில் கொள்ளப்படுவது குடியுரிமையன்று, பிறந்த நாடு. கனடியக் குடியுரிமை பெற்ற பிறகு விண்ணப்பித்தாலும் கோவையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். வேறு நாட்டில் பிறந்த வாழ்க்கைத்துணை இருந்தால் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்தலாம்.

கனடா, ஆஸ்திரேலியா

இவ்விரு நாடுகளிலும் புள்ளிமுறை உள்ளது. வயது, கல்வி, மொழித்திறன், பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் வழங்கி, தகுதியானவர்களை நேரடியாக நிரந்தர வசிப்புரிமைக்கு அழைக்கின்றனர். நிறுவனத்தின் தயவு இன்றியே விண்ணப்பிக்க முடிவது இதன் சிறப்பு. கனடா 2015 முதல் 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையைப் பின்பற்றுகிறது. பிரெஞ்சு மொழி அறிந்தோர், மருத்துவத் துறையினர் போன்றோருக்கு 2023 முதல் தனி அழைப்புகள் விடுக்கப்படுகின்றன. ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள்கள் அந்நாட்டில் வசித்த நிரந்தர வசிப்பாளர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு வசதிப் பற்றாக்குறை போன்ற காரணங்களால் 2024 அக்டோபரில் அந்நாடு தன் குடியேற்ற இலக்கைக் குறைத்து, 2025 க்கு 3,95,000 என்று அறிவித்தது.

ஆஸ்திரேலியாவில் குறைந்தது 65 புள்ளிகள் தேவை. அழைப்பு கிடைக்கப் பல துறைகளில் இதைவிட அதிகம் வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே, கணினித் துறை, பொறியியல் என அந்தந்தத் துறைக்குரிய அமைப்பிடம் திறன் மதிப்பீடு பெற வேண்டும். நான்கு ஆண்டுகள் வசித்து, அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வசிப்பாளராக இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனி, பிரிட்டன்

ஜெர்மனியில் பட்டதாரிகளுக்கு 'நீல அட்டை' வழங்கப்படுகிறது. இதை வைத்திருப்பவர் அடிப்படை ஜெர்மன் மொழியறிவுடன் 27 மாதங்களிலும், பி1 நிலை மொழித்தேர்ச்சி இருந்தால் 21 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். 2024 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் குடியுரிமைக்கான காத்திருப்பை எட்டு ஆண்டுகளிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. அதே ஆண்டில் திறன்சார் இந்தியருக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000 இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாகவும் அந்நாடு அறிவித்தது. இயந்திரவியல், வார்ப்படம், பம்பு உற்பத்தி ஆகியவற்றில் அனுபவம் பெற்ற கோவைப் பொறியாளர்களுக்கு அங்குள்ள தொழில் சூழல் அந்நியமன்று. ஆனால் ஜெர்மன் மொழியைக் கற்காமல் அங்கு வேரூன்றுவது கடினம்.

பிரிட்டனில் திறன்சார் பணி விசாவில் ஐந்து ஆண்டுகள் பணிபுரிந்தால் நிலையாகத் தங்கும் அனுமதி கோரலாம் என்பதே விதியாக இருந்துவந்தது. 2025 மே மாதத்தில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை இதைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாக்க முன்மொழிந்தது. ஏற்கெனவே சென்று பாதி வழியில் இருப்பவர்களும் இத்தகைய மாற்றங்களைக் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

சிங்கப்பூர், வளைகுடா நாடுகள்

சிங்கப்பூர் கோவையிலிருந்து நேரடி விமானத்தில் செல்லும் தொலைவில் உள்ளது. தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் கற்கலாம். ஆனால் நிரந்தர வசிப்புரிமை அரசின் விருப்புரிமையைப் பொறுத்தது. இத்தனை ஆண்டுகளில் கிடைக்கும் என்று கூற இயலாது. பெற்றோர் வழியாக நிரந்தர வசிப்புரிமை பெறும் மகன்கள் ஈராண்டு தேசிய சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள்.

வளைகுடா நாடுகளில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் சேமிப்பு அதிகம். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர் குடியுரிமை பெறும் வழி அங்கு ஏறக்குறைய இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் வழங்கும் 'கோல்டன் விசா' தகுதியுடையோருக்குப் பத்து ஆண்டுகள் வரை நிறுவனச் சார்பின்றித் தங்க இடமளிக்கிறது. அதுவும் புதுப்பிக்க வேண்டிய அனுமதியே.

வயதின் மதிப்பு

புள்ளிமுறையில் வயது ஒரு கரையும் சேமிப்பு. கனடாவில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளிகள் கிடைக்கும். 35 வயதில் அது 77, 40 இல் 50, 45 இல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளிகள். 40 முதல் 44 வரை 15. 45 வயதானோர் பொதுவாக விண்ணப்பிக்க இயலாது. எனவே அமெரிக்க வரிசையில் பத்தாண்டு காத்திருந்து பார்த்துவிட்டுப் பிறகு கனடா செல்லலாம் என்று எண்ணுபவர், அவ்விடைவெளியில் தம் புள்ளிகளில் பாதிக்கு மேல் இழந்திருக்கலாம்.

குடும்பம் சார்ந்த கூறுகள்

வாழ்க்கைத்துணையின் வேலை முதலில் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் எச்-1பி பெற்றவரின் துணைவர் உடனே வேலைக்குச் செல்ல முடியாது. கிரீன் கார்டு வழியில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியோரின் துணைவருக்கு மட்டும் 2015 முதல் வேலை அனுமதி உண்டு. ஜெர்மனியில் நீல அட்டை பெற்றவரின் துணைவர் வேலை செய்யத் தடையில்லை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை 21 வயது முக்கியமானது. பெற்றோருடன் சிறுவயதில் அமெரிக்கா சென்ற பிள்ளை, கிரீன் கார்டு வரும் முன் அவ்வயதைக் கடந்தால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலக நேரிடும். வயதைக் கணக்கிடுவதில் சில சலுகைகள் உண்டு என்றாலும் நீண்ட காத்திருப்புக்கு அவை போதுவதில்லை. அப்பிள்ளை மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், அல்லது தான் வளர்ந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

பெற்றோரை உடன் வைத்துக்கொள்வதில் நாடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க முடியாது. 21 வயது நிறைந்த குடிமகனால் முடியும். அதுவரை பெற்றோர் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கும் வருகை விசாவில்தான் சென்றுவர வேண்டும். கனடாவின் 'சூப்பர் விசா' ஒரு வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்க அனுமதிக்கிறது; இதற்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆஸ்திரேலியாவில் பெற்றோர் விசாவுக்கு, அவர்களின் பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேராவது அங்கு நிலையாக வசிக்க வேண்டும் என்ற விதி உள்ளது. குறைந்த கட்டணப் பிரிவில் காத்திருப்பு பல பத்தாண்டுகள் நீள்கிறது. ஒரே பிள்ளை உள்ள வீட்டில், பெற்றோரின் முதுமைக்காலத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கான விடை இவ்விதிகளையே பெரிதும் சார்ந்துள்ளது.

இந்தியாவில் ஏற்படும் விளைவுகள்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. 1955 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். கனடாவோ ஜெர்மனியோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பது இதில் எந்த மாற்றத்தையும் செய்யாது. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி 2022 இல் 2,25,620 பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தனர்.

இவ்வாறு துறந்தோருக்கு 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்' (ஓ.சி.ஐ.) அட்டை வழங்கப்படுகிறது. இத்திட்டம் 2005 இல் தொடங்கியது. பெயரில் குடிமக்கள் என்று இருந்தாலும் இது குடியுரிமையன்று. விசா இன்றி வந்து தங்கலாம், வீடு வாங்கலாம்; வாக்களிக்க முடியாது, தேர்தலில் நிற்க முடியாது.

வேளாண் குடும்பங்கள் குறிப்பாக அறிய வேண்டியது நிலம் பற்றிய விதியாகும். அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, ஓ.சி.ஐ. அட்டை பெற்றவரும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் விளைநிலமோ, தோட்டப்பயிர் எஸ்டேட்டோ, பண்ணைவீடோ விலைக்கு வாங்க முடியாது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போது விளைநிலத்தைத் தானமாக எழுதித் தந்தாலும் அவர்கள் அதைப் பெற இயலாது. வாரிசு உரிமையில் பெறத் தடையில்லை. எனவே கிணத்துக்கடவு போன்ற ஊர்களில் வழக்கமாக எழுதப்படும் தான செட்டில்மென்ட் பத்திரம் வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்குப் பொருந்தாது. உயில் எழுதுவதுபற்றி வழக்குரைஞரிடம் முன்னரே கலந்துகொள்வது நல்லது. பக்கத்துத் தோட்டம் விலைக்கு வரும்போது வெளிநாட்டிலிருந்து தம் பெயரில் வாங்கவும் முடியாது. இந்தியக் குடியுரிமையைக் கைவிடாமல் ஊர் திரும்பி நிலையாக வசிக்கத் தொடங்குபவருக்கு இத்தடை நீங்குகிறது.

வரியும் கருதத்தக்கது. இந்தியாவில் வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு பெற்றவர்களும் உலகில் எங்கு ஈட்டிய வருமானத்தையும் அந்நாட்டில் கணக்குக் காட்ட வேண்டும். தென்னந்தோப்பின் குத்தகைப் பணமும் இதில் அடங்கும்.

ஒப்பிடும் முறை

ஒரே கல்லூரியில் படித்து 24 வயதில் வெளிநாடு செல்லும் மூவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலாமவர் அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்று எச்-1பி விசாவுக்கு மாறுகிறார். மூவரில் அதிக ஊதியம் பெறும் வாய்ப்பு அவருக்கே. ஆனால் இந்திய வரிசை இப்போதுள்ளபடியே நீடித்தால், 40 வயதிலும் அவர் விசாவை நீட்டித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாமவர் கனடாவில் படித்து, பணி அனுபவம் பெற்று, புள்ளிமுறையில் தேர்வானால் 30 வயதுக்குள் நிரந்தர வசிப்பாளராகவும் 35 வயதுக்குள் குடிமகனாகவும் ஆகலாம். வீட்டுச் செலவுகள் அவர் ஊதியத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மூன்றாமவர் துபாயில் வரியின்றிச் சேமித்து 40 வயதில் ஊரில் கடனில்லாத வீட்டோடு இருக்கலாம். ஆனால் பணி முடிந்ததும் திரும்புவது என்பதை முதல் நாளிலிருந்தே அவர் திட்டமிட வேண்டும்.

மூவரில் யார் தேர்ந்தது சரி என்பதற்குப் பொதுவான விடை இல்லை. முதலாமவர் பத்தாண்டில் ஊர் திரும்ப எண்ணியிருந்தால் கிரீன் கார்டு வரிசை அவருக்கு ஒரு பொருட்டன்று. மூன்றாமவர் பிள்ளைகளை அந்நாட்டிலேயே நிலைபெறச் செய்ய எண்ணியிருந்தால் அவருடைய தெரிவு பொருந்தாது. எனவே நாட்டைப் பற்றி விசாரிக்கும் முன், குடும்பம் எத்தனை ஆண்டுகளுக்கு, யார் யாருக்காக முடிவெடுக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பின், அடுத்த நிலைக்குச் செல்ல ஆகும் காலம், வேலை இழந்தால் கிடைக்கும் அவகாசம், துணைவரின் வேலை உரிமை, பிள்ளைகளின் வயது, பெற்றோர் வந்து தங்கும் வழி, இந்தியாவில் உள்ள நிலத்தின் எதிர்காலம் ஆகியவற்றை நாடு வாரியாக ஒரே தாளில் எழுதி ஒப்பிடுவது பயன் தரும். விதிகள் அடிக்கடி மாறுவதால் முகவர்களின் வாக்குறுதியை மட்டும் நம்பாமல் அந்தந்த நாட்டு அரசின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

முதல் தெரிவே கடைசித் தெரிவாகவும் இருக்க வேண்டியதில்லை. இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜிலிருந்து 1937 இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1953 இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1971 இல் அமெரிக்கா சென்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1999 இல் பிரிட்டனுக்கு இடம்பெயர்ந்தார். 2009 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவர் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்துகொண்டிருந்தார். ஆனால் இத்தகைய மாற்றங்களுக்கான வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் நீடிப்பதில்லை. திறன்சார் புலம்பெயர்வோரில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏற அது சுருங்குகிறது. ஆகவே நிரந்தர வசிப்புரிமை இன்னும் கிடைக்காதவர்கள் முப்பது வயதை ஒட்டி ஒருமுறையும், பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் சேரும் முன் ஒருமுறையும் தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்துகொள்வது நலம்.